நான் தின்னாத பழத்துக்கு நான் ஏன் பாவி?

ஒன்பது வயது மகள் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்து வந்து, "ஆதாம் பழம் தின்றபோது நான் பிறக்கவே இல்லையே, பிறகு நான் ஏன் பாவத்தோடு பிறந்ததாகச் சொல்கிறார்கள்?" என்று கேட்டாளாம். பதில் தெரியாமல் "முதலில் சாப்பிட வா" என்று பேச்சை மாற்றிவிட்டேன் என்கிறார் அவளுடைய தாய். எல்லாக் கிறிஸ்தவர்களும் இதை ஒரே மாதிரிதான் நம்புகிறார்களா என்பது அவர் கேட்கும் இரண்டாவது கேள்வி.

இரண்டாவதற்கு ஒரே சொல்லில் பதில் உண்டு: இல்லை. முதலாவதுதான் வில்லங்கம். அம்மா, உங்கள் மகள் கேட்ட அதே கேள்வியை ஐந்தாம் நூற்றாண்டில் இத்தாலியில் யூலியான் என்ற ஆயர் கேட்டார். அவருக்குப் பதவியும் போயிற்று, ஊரும் போயிற்று. ஆகவே பேச்சை மாற்றியதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை.

நானும் பல ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவன். எனக்குச் சிறு வயதில் சொல்லிக் கொடுத்த பழைய ஞானோபதேசத்தில் பாவம் இரண்டு வகை: ஜென்மப் பாவம், கர்மப் பாவம். பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வருவது முதலாவது, நாமாகச் செய்வது இரண்டாவது. கிளிப்பிள்ளைகளாக ஒப்பித்தோம். மாதாவின் பிரார்த்தனையில் "ஜென்மப் பாவமில்லாமல் உற்பவித்த இராக்கினியே" என்று வரும். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று கத்துவோம். அந்தச் சொல்லின் பொருளை யாரும் நின்று யோசித்ததில்லை.

நின்று யோசித்தால் விபரீதம் புரியும். ஜென்மம், கர்மம் இரண்டுமே இந்த மண்ணில் ஏற்கெனவே புழங்கிய சொற்கள். பழைய குருக்கள் அவற்றை எடுத்துத் தங்கள் உபதேசத்துக்குப் பொருத்தினார்கள். ஆனால் நம் ஊரில் "போன ஜென்மத்துப் பாவம்" என்றால் அது என்னுடைய பாவம், நானே முன்பொரு பிறவியில் செய்தது. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்ற கணக்கு அதில் நேராக இருக்கிறது. திருச்சபை சொல்ல வந்ததோ இதற்கு நேர் எதிர்: விதைத்தவன் ஒருவன், அறுப்பவன் வேறொருவன். சொல்லை இங்கிருந்தும் பொருளை அங்கிருந்தும் எடுத்ததால், தமிழ்க் காதுக்கு இந்த உபதேசம் இரட்டிப்பு அநியாயமாகக் கேட்கிறது. இப்போது "பிறப்புநிலைப் பாவம்" என்கிறார்கள். கொஞ்சம் பரவாயில்லை.

சரி, கதை என்ன சொல்கிறது? ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தைப் படியுங்கள். கத்தோலிக்க வேதாகமத்தில் தொடக்க நூல் என்றிருக்கும். "பாவம்" என்ற சொல் வரும் இடத்தில் கோடு போடுங்கள் என்று நான் வகுப்பில் சொல்வேன். பத்து நிமிடம் கழித்தும் பென்சில் அப்படியே இருக்கும், ஏனென்றால் அந்தச் சொல் அங்கே இல்லை. சாத்தான் இல்லை, பேசுவது பாம்பு, "சகல காட்டு ஜீவன்களைப்பார்க்கிலும் தந்திரமுள்ள" ஒரு பிராணி, அவ்வளவுதான். பாம்பைப் பிசாசாக்கியது பின்னால் வந்த நூல்கள். ஆப்பிளும் இல்லை. இலத்தீனில் ஆப்பிளுக்கும் தீமைக்கும் ஏறக்குறைய ஒரே ஒலியுடைய சொல் இருந்ததால் மேற்கத்திய ஓவியர்கள் ஆப்பிளில் போய் நின்றார்கள். யூத ரபிகள் அது திராட்சையா, அத்தியா, கோதுமையா என்று விவாதித்திருக்கிறார்கள். உரோமையில் சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில் மைக்கலாஞ்சலோ வரைந்திருப்பது அத்தி மரம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். "அதை நீ புசிக்கும் நாளில் சாகவே சாவாய்" என்கிறார் கடவுள். புசிக்கிறார்கள், அன்று யாரும் சாகவில்லை. ஆதாம் 930 வயது வரை இருந்ததாக ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. சாவதற்குப் பதில் என்ன நடக்கிறது? ஒளிகிறார்கள். கேட்டால் ஆதாம், "என்னுடனே இருக்கும்படி தேவரீர் தந்த ஸ்திரீயானவள்" கொடுத்தாள் என்கிறான். ஒரே வாக்கியத்தில் மனைவியையும் கடவுளையும் சேர்த்து மாட்டிவிடுகிறான், பாருங்கள். கடைசியில் விரட்டுவதற்கு முன்னால் கடவுளே அவர்களுக்குத் தோல் உடை செய்து உடுத்திவிடுகிறார். சாபம் கொடுத்த கையே தையல் வேலையும் பார்க்கிறது. பிரசங்கங்களில் இந்த வசனத்தை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

பாவம் என்ற சொல் முதன்முதலில் வருவது அடுத்த அதிகாரத்தில், தம்பியைக் கொல்லப்போகும் ஆதாமின் மகன் காயீனிடம் கடவுள் பேசும்போது: "நீ நன்மை செய்யாதிருந்தால் பாவம் வாசற்படியில் படுத்திருக்கும்." எபிரேயத்தில் அது மிருகம் பதுங்கிப் படுத்திருப்பதைச் சொல்லும் சொல். காயீனின் உடம்புக்குள் அது இருப்பதாகச் சொல்லவில்லை. வாசலில் இருக்கிறது, நீ அதை ஆண்டுகொள்ளலாம் என்கிறார். இந்த வசனத்துக்குக் கடைசியில் திரும்பி வருகிறேன்.

ஆதாமால்தான் நாமெல்லாம் இப்படி ஆனோம் என்று எபிரேய வேதத்தில் எந்தத் தீர்க்கதரிசியும் சொல்வதில்லை. எசேக்கியேல் அதற்கு மாறாகப் பேசுகிறார். அவர் காலத்தில் ஒரு பழமொழி இருந்தது: "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின." இனிமேல் இந்தப் பழமொழியைச் சொல்லக்கூடாது என்று பதினெட்டாம் அதிகாரத்தில் தடையே போடுகிறார், குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்கிறார். உங்கள் மகளின் கட்சிக்கு வேதத்திலேயே ஒரு வக்கீல் இருக்கிறார் என்று அர்த்தம். மறுபக்கத்துக்கும் ஒரு சாட்சி உண்டு, மறைக்கக்கூடாது: "என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள்" என்கிற 51ஆம் சங்கீதம். ஆனால் அது குற்ற உணர்ச்சியில் நொறுங்கிய ஒருவன் கதறும் வரி. அதில் ஆதாமின் பெயரே இல்லை.

ஆதாமை எல்லோருக்கும் பொறுப்பாளியாக்கும் பேச்சு சூடு பிடிப்பது கி.பி. முதல் நூற்றாண்டையொட்டித்தான். 70ஆம் ஆண்டில் எருசலேம் ஆலயம் இடிந்த பிறகு எழுந்த இரண்டு யூத நூல்களை அடுத்தடுத்துப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். எஸ்ராவின் பெயரில் உள்ள ஒன்று, ஆதாமே, நீ என்ன செய்துவிட்டாய், பாவம் செய்தது நீ, விழுந்தது நீ மட்டுமல்லவே என்று ஒப்பாரி வைக்கிறது. பாரூக்கின் பெயரில் உள்ள மற்றொன்று, நம்மில் ஒவ்வொருவரும் தனக்குத் தானே ஆதாம் என்று முடித்துவிடுகிறது. ஒரே இடிபாட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு இரண்டு பேர் இரண்டு விதமாக அழுகிறார்கள். இன்றுவரை நடக்கும் விவாதம் முழுவதும் இந்த இரண்டு அழுகைக்குள் அடங்கிவிடும் என்பது என் எண்ணம்.

திருத்தூதர் பவுல் வருகிறார். அவருடைய அக்கறை ஆதாம் அல்ல, கிறிஸ்து. ஒருவரால் எல்லோருக்கும் மீட்பு வந்தது என்று நிறுவ அவருக்கு எதிர்ப்பக்கத்தில் ஒருவர் தேவைப்பட்டார். அவர் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் ஐந்தாம் அதிகாரம் பன்னிரண்டாம் வசனத்தை நம் பழைய தமிழ் வேதாகமத்தில் பாருங்கள்: "ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்திலே பிரவேசித்ததுபோலவும், எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால், மரணம் எல்லாருக்கும் வந்ததுபோலவும் இதுவுமாயிற்று." நடுவில் இருக்கும் "பாவஞ்செய்தபடியால்" என்பதில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் அவரவர் பாவம் செய்தார்கள், அதனால் சாவு வந்தது. கிரேக்க மூலம் அப்படித்தான் படிக்கத் தோன்றுகிறது.

இதே இடம் இலத்தீனுக்குப் போனபோது "எவனில் எல்லோரும் பாவம் செய்தார்களோ" என்று படிக்கும்படி ஆகிவிட்டது. எவனில்? ஆதாமில். நான்காம் நூற்றாண்டில் உரோமையில் பெயர் தெரியாத ஓர் உரையாசிரியர், ஆதாமுக்குள் மனித இனம் முழுவதும் ஒரே மாவுப் பிண்டம் போல இருந்தது, அவன் பாவம் செய்தபோது எல்லோரும் செய்தோம் என்று இந்த வரிக்கு விளக்கம் எழுதினார். அந்த விளக்கத்தை ஹிலாரி என்ற மகானுடையது என்று நம்பி எடுத்துக்கொண்டவர் அகுஸ்தினார். "செய்தபடியால்" என்பதற்கும் "எவனில்" என்பதற்கும் நடுவில் உள்ள தூரம்தான் கிழக்குத் திருச்சபைக்கும் மேற்குத் திருச்சபைக்கும் நடுவில் உள்ள தூரம் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் கொஞ்சம்தான்.

அகுஸ்தினாரை வில்லனாக்கிவிட்டுப் போவது இப்போது நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்றைய அல்ஜீரியாவில் கடலோரம் இருந்த இப்போ (Hippo) என்ற நகரின் ஆயர் அவர். மனித மனத்தை அவர் அளவுக்குக் குடைந்து பார்த்தவர்கள் குறைவு. பதினாறு வயதில் நண்பர்களோடு ராத்திரியில் பக்கத்துத் தோட்டத்துப் பேரிக்காயைத் திருடியதை அவர் எழுதியிருக்கிறார். பசியில்லை, அதைவிட நல்ல காய் வீட்டிலேயே இருந்தது. பறித்ததைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். திருடுவதில் ஒரு சுகம் இருந்தது, அதற்காகவே திருடினேன் என்கிறார். நாற்பது வயதைத் தாண்டியும் ஒரு மனிதன் அந்தப் பேரிக்காயை விடமுடியாமல் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான் என்றால், அவன் ஏதோ உண்மையைத் தொட்டிருக்கிறான். நல்லது எது என்று தெரிந்தும் கை வேறு பக்கம் போகிறதே, அந்தச் சாய்வு எங்கிருந்து வந்தது? நாம் கற்றுக்கொள்வதற்கு முன்பே அது இருக்கிறதே?

பிரித்தானியாவிலிருந்து வந்த பெலாஜியுஸ் என்ற துறவி இதை ஏற்கவில்லை. ஆதாம் நமக்குக் கெட்ட முன்மாதிரி, அவ்வளவே. மனிதன் நினைத்தால் நல்லவனாக வாழமுடியும் என்பது அவர் போதனை. 410இல் உரோமை சூறையாடப்பட்டபோது அகதியாக ஆப்பிரிக்காவுக்கு வந்து, பிறகு பாலஸ்தீனம் போனார். அவருடைய கருத்து அகுஸ்தினாருக்கு நெருப்பைக் கொட்டியது போல இருந்தது. மனிதன் தானாகவே திருந்த முடியும் என்றால் சிலுவை எதற்கு, குழந்தைக்கு ஞானஸ்நானம் எதற்கு என்று திருப்பிக் கேட்டார். இந்த இரண்டாவது கேள்விதான் பிடிமானம். பாவ மன்னிப்புக்கென்று தரும் ஞானஸ்நானத்தை, எந்தப் பாவமும் செய்யாத கைக்குழந்தைக்கும் கொடுக்கிறோம்; அப்படியானால் அதனிடம் ஏதோ பாவம் இருக்கத்தான் வேண்டும். வழக்கத்திலிருந்து உபதேசம் பிறந்தது. 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் சங்கம் அகுஸ்தினார் பக்கம் நின்றது. கண்டனத்தில் கையெழுத்திட மறுத்தவர்களில் ஒருவர்தான் நான் முதலில் சொன்ன யூலியான். பிறந்த குழந்தையை இன்னொருவன் பாவத்துக்காகத் தண்டிக்கும் கடவுள் நீதியுள்ளவராக எப்படி இருக்க முடியும் என்று அவர் விடாமல் எழுதினார். அகுஸ்தினாரும் விடாமல் பதில் எழுதினார். 430இல் வண்டல்கள் (Vandals) என்ற படையெடுப்பாளர்கள் இப்போ நகரை முற்றுகையிட்டிருந்தபோது அவர் இறந்தார். யூலியானுக்கான கடைசிப் பதில் பாதியில் நின்றுபோயிற்று.

பாவம் உடல் வழியாக, இச்சையோடு சேர்ந்த கருத்தரிப்பு வழியாக இறங்குகிறது என்று அகுஸ்தினார் சொன்னதுதான் பெரும் கேடு விளைவித்தது. ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கும் குழந்தைகளுக்கு மிக மிக இலேசான தண்டனை, ஆனாலும் தண்டனைதான் என்றார். குழந்தைகள் விஷயம் வரும்போது எனக்கு வழி தெரியவில்லை என்று அவரே, வேதாகமத்தை இலத்தீனில் மொழிபெயர்த்த எரோணிமுசுக்கு ஒரு கடிதத்தில் புலம்பியிருக்கிறார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடைக்காலத்தில் அந்தத் தண்டனையைக் கொஞ்சம் தணித்து, துன்பமும் இல்லாத, கடவுளின் தரிசனமும் இல்லாத லிம்போ என்ற ஓரத்தைக் கண்டுபிடித்தார்கள்.

இது ஏதோ புத்தகச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். என் பாட்டிக்கு ஏழு பிள்ளைகள். மூன்றாவது பிறந்த அன்றே, யாரும் தலையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே போய்விட்டது. கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் தரவில்லை. வேலிக்கு வெளியே ஒரு பனைமரத்தடியில் தாத்தா தனியாகப் புதைத்துவிட்டு வந்தார். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று பாட்டி எல்லோருடைய கல்லறையிலும் மெழுகுவர்த்தி ஏற்றுவாள். பொட்டலத்திலிருந்து ஒன்றை மட்டும் மடியில் முடிந்து வைத்திருப்பாள். கூட்டம் கலைந்ததும் வேலியைச் சுற்றிக்கொண்டு போய் அங்கே ஏற்றுவாள். காற்றில் உடனே அணையும். மறுபடி ஏற்றுவாள். எண்பது வயது வரைக்கும் இது நடந்தது. இலத்தீன் வாக்கியம் ஒன்றைப் பற்றிய தகராறு அந்தப் பனைமரம் வரைக்கும் வந்திருக்கிறது என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். 2007இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு, ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன என்று ஓர் ஆவணம் வெளியிட்டது. பாட்டி அதற்கு முன்பே காலமாகிவிட்டாள்.

கிழக்குத் திருச்சபைகளில் இந்த லிம்போ தலைவலியே இல்லை. கிரேக்கம் படித்தவர்கள் "செய்தபடியால்" என்றே படித்தார்கள். ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது சாவு, பலவீனம், சிதைவு. குற்றம் அவனோடு போயிற்று என்பது அவர்கள் வழக்கு. குழந்தைகளுக்குப் பாவம் இல்லாவிட்டாலும் ஞானஸ்நானம் தருகிறோம், ஏனென்றால் அதில் மன்னிப்பைத் தவிர வேறு கொடைகளும் இருக்கின்றன என்று யோவான் கிறிசோஸ்தோம் பிரசங்கித்திருக்கிறார். இவர் அகுஸ்தினாரின் காலத்தவரே. இருவரும் ஒரே திருச்சபையின் மகான்கள். இருவரையும் நாட்காட்டியில் வைத்திருக்கிறோம்.

இன்னும் இருநூறு ஆண்டு பின்னால் போனால், லியோன் நகரத்து இரனேயு இருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்தவர். அவர் பார்வையில் ஆதாமும் ஏவாளும் வளர்ந்த ஆட்களே அல்ல, குழந்தைகள். காலம் வருமுன் பெரியவர்களுக்குரியதில் கை வைத்துவிட்டார்கள், ஏமாற்றத் தெரிந்த ஒருவன் ஏமாற்றிவிட்டான். கடவுளுக்குக் கோபம் அதிகமாகப் பாம்பின் மேல்தான். மனித வரலாறு முழுவதும் அந்தக் குழந்தைகள் மெல்ல வளர்ந்து ஆளாகும் கதை. கிறிஸ்து அந்தப் பாதையை மறுபடியும் முதலிலிருந்து நடந்து காட்டுகிறார். தமிழில் ஒரு வசதி இருக்கிறது: தவறு செய்தவனைப் "பாவி" என்கிறோம், அடிபட்டவனைப் பார்த்து "ஐயோ, பாவம்" என்கிறோம். அகுஸ்தினாரின் ஆதாம் பாவி. இரனேயுவின் ஆதாம், பாவம்.

சீர்திருத்தச் சபைகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. லூத்தரும் கால்வினும் இந்த விஷயத்தில் அகுஸ்தினாரைவிட ஒரு படி இறுக்கம்: மனித இயல்பு முழுவதும் கெட்டுப்போயிற்று. 1546இல் கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம், காயம்பட்டது உண்மை, ஞானஸ்நானத்துக்குப் பின் எஞ்சியிருக்கும் இச்சை மட்டும் பாவம் ஆகாது என்றது. குழந்தை ஞானஸ்நானமே கூடாது என்னும் சபைகளும் உண்டு. அங்கே பலர், பொறுப்பு அறியும் வயது வரைக்கும் குழந்தைமேல் குற்றம் சாராது என்கிறார்கள். யூதர்களிடம் பிறப்புப் பாவம் என்ற உபதேசமே கிடையாது. மனிதனுக்குள் நல்ல நாட்டமும் கெட்ட நாட்டமும் உண்டு என்பதோடு சரி. குர்ஆனில் ஆதமும் அவர் துணைவியும் சேர்ந்தே தவறுகிறார்கள், சேர்ந்தே மன்னிப்புக் கேட்கிறார்கள், மன்னிக்கவும் படுகிறார்கள். கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. இராமேசுவரம் போனால் ஆபில், காபில் தர்காவைப் பாருங்கள். ஆதாமின் பிள்ளைகள் அங்கே அடங்கியிருப்பதாக ஐதிகம். ஏதேனிலிருந்து விரட்டப்பட்டவர்களுக்கு நம் ஊர் இடம் கொடுத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

உங்களுக்குப் பெண் குழந்தை என்பதால் இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. வகுப்பில் அவள் அடுத்துக் கேட்கப் போவது ஏவாளைப் பற்றித்தான். "பெண்ணால் வந்தது" என்ற பேச்சு சீராக் நூலிலேயே தொடங்கிவிடுகிறது. பழைய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் பெண்களைப் பார்த்து "நீ பிசாசின் வாசல்" என்றே எழுதினார். ஆனால் கதையில் ஒரு சிறு சொல் இருக்கிறது. ஏவாள் பழத்தைத் "தன்னோடிருந்த" கணவனுக்குக் கொடுத்தாள் என்கிறது எபிரேயம். அப்படியென்றால் பாம்பு பேசிய நேரம் முழுவதும் ஐயா பக்கத்திலேயே நின்றிருக்கிறார், வாயைத் திறக்கவில்லை. எரோணிமுசின் இலத்தீனில் அந்தச் சொல் விழுந்துவிட்டது. நம் பழைய தமிழ் வேதாகமத்திலும் "தன் புருஷனுக்கும் கொடுத்தாள்" என்று மட்டுமே இருக்கிறது. புதிய தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் "தன்னுடனிருந்த" திரும்பி வந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மகளுக்குக் காட்டுங்கள்.

மொழிபெயர்ப்பு என்று வந்தபிறகு இதையும் பாருங்கள். அதே மூன்றாம் அதிகாரத்தில் பாம்பிடம் கடவுள் சொல்லும் பதினைந்தாம் வசனம், பழைய தமிழில், "அவர் உன் தலையை நசுக்குவார்." எபிரேயத்தில் வெறும் "அவன்" அல்லது "அது", குறிப்பது ஸ்திரீயின் வித்து. தமிழில் மரியாதைப் பன்மை போட்டவுடனே அது இயேசு ஆகிவிட்டது. ஒரே ஒரு "அர்" விகுதியில் கிறிஸ்தவ இறையியல் முழுவதும் உட்கார்ந்துவிட்டது. இலத்தீனிலோ "அவள்" என்று ஆகிவிட்டது. அதனால்தான் நம் கோவில்களில் பல மாதா சுரூபங்களின் காலடியில் ஒரு பாம்பு நசுங்கிக் கிடக்கிறது.

அறிவியல் பக்கம் சிக்கல் உண்டு, மறுக்கவில்லை. மனித இனம் ஒரே இணையிலிருந்து வரவில்லை, ஆயிரக்கணக்கானோர் கொண்ட கூட்டமாகவே பெருகியது என்பது மரபியலின் முடிவு. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்), பல முதற்பெற்றோர் என்ற கருத்தைப் பிறப்புநிலைப் பாவத்தோடு எப்படிப் பொருத்துவது என்று தெரியவில்லை என்று எச்சரித்தார். ஆனால் 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டைத் திறந்தால், இது செய்த பாவம் அல்ல, பெற்றுக்கொண்ட நிலை, ஒப்புமை வகையில்தான் "பாவம்" என்கிறோம், ஆதாமின் பிள்ளைகள் யாருக்கும் இது சொந்தக் குற்றம் ஆகாது என்று இருக்கிறது. பாதி விஷயத்தில் யூலியான் ஜெயித்துவிட்டார், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அப்படியானால் இந்த உபதேசத்தில் மிச்சம் என்ன இருக்கிறது? என் கருத்தைச் சொல்கிறேன். அகுஸ்தினார் பார்த்த நோய் உண்மை. அது பரவும் வழி என்று அவர் சொன்னதுதான் தவறு. ஊரில் இரண்டு பங்காளி வீட்டுக்கு நடுவில் வரப்புத் தகராறு. தாத்தா காலத்தில் யாரோ கல்லைத் தள்ளி நட்டார்கள். இன்று அந்த வீட்டில் பிறக்கும் குழந்தை நான்கு வயதில் எதிர்வீட்டுப் பிள்ளையோடு விளையாடப் போகாது. யாரும் உட்காரவைத்துப் பாடம் எடுத்திருக்க மாட்டார்கள். அது கல்லை நகர்த்தவும் இல்லை. ஆனாலும் பகை அதன் உடம்பில் ஏறிவிட்டது. சாதியும் அப்படித்தான் ஏறுகிறது. யாரோடு எங்கே உட்காரக்கூடாது என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. ஜென்மப் பாவத்தைக் கழுவியதாகச் சொல்லும் நாமே, சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதிக்கு ஒரு சுவர் எழுப்பி வைத்திருக்கிறோம். இதைவிட நல்ல சான்று அகுஸ்தினாருக்குக் கிடைத்திருக்காது.

ஆகவே மகளிடம், "நீ அந்தப் பழத்தைத் தின்னவில்லை, அதற்காக யாரும் உன்னைத் தண்டிக்கப் போவதில்லை" என்று முதலில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எசேக்கியேலின் திராட்சக்காயைக் காட்டுங்கள். பிறகு காயீனின் வாசற்படிக்கு வாருங்கள். ஒன்பது வயதுக்கு ஆதாமைவிட அதுதான் எளிது. தம்பியின் மேல் எரிச்சல் வந்து கை ஓங்கும் அந்த ஒரு நொடி அவளுக்கு நன்றாகத் தெரியும்.

நான் வகுப்பில் அந்த வசனத்தைப் படித்துவிட்டுப் படம் வரையச் சொல்வதுண்டு. பெரும்பாலும் நாய் வரும். சிலர் புலி போடுவார்கள். ஒரு பெண் நாயைச் சங்கிலியில் கட்டிச் சங்கிலியைத் தன் கையில் கொடுத்திருந்தாள். ஒரு பையன் மட்டும் வீட்டையும் வாசற்படியையும் வரைந்துவிட்டுத் தாளைக் கொடுத்தான். நாயைக் காணோமே தம்பி என்றேன்.

"அது உள்ளே போய்விட்டது, சார்."